நாவூறுக்குச் சொன்ன பொய்

மகள் வயிற்றில் இருக்கும்போதே நான் ஓர் ஆய்வில் சேர்ந்துவிட்டேன். கோப்பாய்ப் பக்கம் பிறக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வயதுவரை பின்தொடர்ந்து, அவர்களுடைய சுகத்தைப் பார்க்கும் ஆய்வு. எங்கள் கிளினிக் பதிவுகளை எடுத்துக்கொள்ளவும் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் கேள்வி கேட்க வந்த பெண், கையிலிருந்த டப்லெட் திரையைப் பார்த்தபடி, "அக்கா, எட்டு மாசத்திலை பிள்ளை சாப்பாடு எடுக்கேல்லை எண்டு கிடக்கு. இப்ப எப்பிடி?" என்றாள்.

கொஞ்சம் யோசித்த பிறகே விளங்கியது. மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது ஒருநாள், வீடு வீடாக வந்து பிள்ளைகளின் கிளினிக் பதிவை எழுதும் குடும்ப மருத்துவமாது எங்கள் வாசற் படலையடியில் நின்றார். பக்கத்து வீட்டு மாமி வந்து மகளின் தொடையைக் கிள்ளி, "என்னடி பிள்ளை, பூசணிக்காய் மாதிரிக் கிடக்கிறாள்! என்ன தீத்துறனீ?" என்றார். பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு படக்கூடாதென்று எந்தத் தாயும் சொல்வதை நானும் சொன்னேன். "எங்கை மாமி, ஒரு வாயும் வைக்கிறாளில்லை." மருத்துவமாது என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார். அன்று காலைதான் மகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டிருந்தாள்.

"அது நாவூறுக்குச் சொன்னது தங்கச்சி. மாத்திவிடுங்கோ."

"கிளினிக் பதிவை நாங்கள் தொடேலாது அக்கா. தாய்மாருக்கு மறந்துபோகுமெண்டுதானே பதிவை எடுக்கிறது."

"பிள்ளையின்ரை நிறை கூடினதும் அதிலை கிடக்குமே?"

"ஓம். நிறை வேறை, சாப்பாடு வேறை."

பிள்ளைக்குச் சரியாகச் சாப்பாடு தீத்தாத தாய்மாரோடு என்னையும் சேர்த்துவிடுவார்கள். அடுத்த முறை மருத்துவமாது வந்தபோது கேட்டேன்.

"நீங்களும் சிரிச்சனீங்களெல்லே மிஸ்?"

"சிரிச்சனான்தான். அதுக்காகத் தாய் சொன்னதை எழுதாமல் விடேலுமே? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஆரைக் கேப்பினம்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. பல் முளைத்த மாதம் அது. உண்மையிலேயே குறைவாகச் சாப்பிட்டாளோ? கணவரைக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, எட்டு மாசத்திலை பிள்ளை வடிவாச் சாப்பிட்டவள்தானே?"

"இல்லையே. நீர் மாமியோடை கதைச்சுக் கவலைப்பட்டது எனக்குக் கேட்டது. அந்த ஆய்வுப் பிள்ளை போன் எடுத்து என்னட்டைக் கேக்கேக்கையும் அதைத்தான் சொன்னனான்."

இப்போது பதிவும் தகப்பனும் ஒன்றையே சொல்கிறார்கள். மாற்றிச் சொல்பவள் நான் ஒருத்திதான்.