கூரை தூக்கும் கைப்பிடி

கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்துப் பின்மூலையில் எங்கள் கூடார வண்டி நிற்கிறது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற தகரப் பெட்டி அது. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மெல்ல எழும், கன்வஸ் துணிச் சுவர்கள் விரியும். அறைக்குள் மூச்சடைக்கிறது என்று தூக்கமில்லாமல் தவித்த என் மனைவிக்காக வாங்கினோம். பின்னேரங்களில் அதற்குள் படுத்தால்தான் அவளுக்குக் கண் அயரும். வலைச் சன்னலால் கடற்காற்று வரும். தூரத்தில் ரயில் போகும். தூங்குகிறவளின் முகத்தில் கன்வஸின் பச்சை வெளிச்சம் அசையும். எங்கும் போகாமலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம்.

கெடுத்தவன் நான்தான். ஆயுத பூசைக்கு வீட்டிலுள்ள இரும்பெல்லாம் துடைத்து எண்ணெய் விடுவது எங்கள் வழக்கம். தையல் மெஷினுக்கு விட்ட கையோடு, கூரை தூக்கும் கைப்பிடி பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டிக்குள்ளும் தாராளமாக விட்டேன். சந்தனப் பொட்டும் வைத்தேன். பெரிய பக்திமான்!

மறுநாள் கூரை பாதி எழுந்ததுமே, வழக்கம்போல் அவள் தலையணையோடு குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் வியர்வை துடைக்கக் கையை எடுத்தேன். கைப்பிடி பேய் பிடித்ததுபோல் எதிர்ப்பக்கம் சுழன்றது. கூரை இறங்கியது. உள்ளே அவள் உட்கார நிமிர்த்தி வைத்திருந்த மரக் கதிரை தாங்கியதால் தப்பினாள். ஊர்ந்து வெளியே வந்தவள் தலையணையை அங்கேயே விட்டுவிட்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கீழேயே இறங்கவில்லை, தூங்கவுமில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மெக்கானிக் கைப்பிடிப் பெட்டியைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"பல்லுச் சக்கரத்துக்கு கிறீஸ் போடுங்க சேர். கூரையப் புடிச்சு நிப்பாட்டுறதே இந்த பிரேக்தான். இதுக்கு ஆராச்சும் எண்ணெ விடுவாங்களா?"

பிரேக் தட்டுகளைப் பெற்றோலில் கழுவி, காயவைத்துப் பூட்டினார். கூரையை இழுக்கும் நைந்திருந்த கம்பிக் கயிற்றையும் மாற்றினார்.

அன்று பின்னேரம் அவள் தானாகவே இறங்கி வந்தாள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கூரை பாதி எழுந்ததும் நிறுத்தினாள்.

"இப்ப நீங்க உள்ளுக்குப் போய்ப் படுங்கோ."

நியாயம்தான். போய்ப் படுத்தேன். மூக்குக்கு மேலே கூரை தொங்கியது.

"கையை எடுக்கிறன்" என்றாள்.

அன்று அவள் பட்ட பயம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. கூரை அசையவில்லை. மீண்டும் டிக், டிக் என்று அது எழ, பச்சை வெளிச்சம் உள்ளே வந்தது.

பிறகு அவளும் வந்து பக்கத்தில் படுத்தாள். அடுத்த ரயில் வருமுன்பே தூங்கிவிட்டாள். நான்தான் கூரையையே பார்த்துக்கொண்டு விழித்திருந்தேன்.