சறுக்குக்கட்டை போட்ட கழுதை

குருத்தோலை ஞாயிறு காலை. ஜெர்மனியில், பவேரியாவின் ஒரு சிற்றூரில், சரிவான கல் தெரு வழியாக ஊரே ஒரு மரக்கழுதையை இழுத்து வருகிறது. அதன்மேல் மரத்தாலான இயேசு அமர்ந்திருக்கிறார். அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கியது. செதுக்கியவருக்குக் கழுதைகளோடு நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும். ஒரு காதை மட்டும் பின்னுக்கு மடக்கி, முகத்தில் பிடிவாதத்தை வைத்திருக்கிறார்.

பேருந்துக்குக் காத்திருந்த நான் வேடிக்கை பார்க்க நெருங்குகிறேன். திடீரெனக் கழுதை வேகமெடுக்கிறது. பின்கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் கால் ஊன்ற முடியாமல் சறுக்குகிறார்கள். பாதிரியாரின் முகம் வெளுக்கிறது. ஓரமாகக் குனிந்தபடி வந்த ஒருவர், கையிலிருந்த மரக்கட்டையை முன்சக்கரத்தின் அடியில் செருகுகிறார். கழுதை குலுங்கி நிற்கிறது. தெரு முழுக்கக் கைதட்டல்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். "தமிழோ?"

"ஆமாண்ணே. இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"யாழ்ப்பாணத்தில தேருக்குக் கட்டை போட்டனான். இஞ்ச பேக்கரியில வேலை. ஒருக்கா இது மதிலில முட்டப் பாத்தது, ஓடிப்போய்த் தடுத்தன். அதோட வருசாவருசம் என்னைத்தான் கூப்பிடுவினம். வாங்கோ, கயித்தைப் பிடியுங்கோ."

பிடிக்கிறேன். பேருந்து போய்விடுகிறது, எனக்குக் கவலையே இல்லை.

தேவாலய வாசலில் ஆளாளுக்குக் கழுதையின் மூக்கைத் தடவிக் கொடுக்கிறார்கள்.

"இயேசுவை யாரும் தொடலையேண்ணே?"

"ஓம். சுமந்து வந்தது இதுதானே" என்கிறார் அண்ணை.

நானும் தடவுகிறேன். வெயிலேறிய மரம் கைக்கு இதமாக இருக்கிறது.