மூன்று ஷிப்டில் ஒரு கபடி டீம்

மில்லில் ஆள் வருகையும் ஷிப்ட் பட்டியலும் பார்க்கிற டைம் ஆபீஸ் வேலை என்றால் கண் எப்போதும் கடிகாரத்தில்தான். நான் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்ட நாள் குறைவு. போன வருஷம் மேனேஜர், மில்களுக்கு இடையிலான பெண்கள் கபடிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார். ஷிப்ட் ஆட்களை வைத்து டீம் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பஸ்ஸில் இருந்த டீம்

பெயர் கொடுத்த ஒன்பது பேரும் மூன்று ஷிப்டில் சிதறிக் கிடந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி எல்லோரையும் காலை ஷிப்டுக்கு மாற்றினேன். இரண்டு மணிக்கு சங்கு ஊதியதும், பஞ்சு குடோனுக்குப் பின்னால் கோடு போட்டு விசிலோடு நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. கேட்டுக்கு ஓடினால், எல்லோரும் மில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடி, கல்யாணத்தோடு நிறுத்தியவள் இசக்கியம்மாள். அவள்தான் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "இதை விட்டா எங்க ஊருக்கு அஞ்சு மணிக்குத்தான் பஸ்ஸு. நீங்க மொதல்ல பஸ்ஸ நிப்பாட்டுங்க சார், பொறவு நாங்க ஆடுதோம்."

உம்மா வந்தார்

வாரம் இரண்டு நாள் பஸ்ஸை மூன்றரைக்குத் தள்ளிவைக்க எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அப்பாடா என்று இருந்த நேரத்தில், டீமில் இருந்த நஸ்ரினின் உம்மா மேலப்பாளையத்திலிருந்து வந்து நின்றார். வீட்டில் பீடி சுற்றுகிறவர். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முழுக்கை பனியன் தைக்கச் சொல்லியிருப்பதை நாலு தடவை சொன்னேன். அவர் கோட்டோரம் நின்று, மகள் ஒருத்தியை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பீடி சுத்துதவளுக்கு வேலை எப்ப முடியும்னு யாரு சொல்லுதா? இவளுக்காவது முடிஞ்சதுன்னு ஒரு சங்கு ஊதுதுல்லா. அதுக்குப் பொறவு ஆடட்டும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை

பாளையங்கோட்டையில் மாலை நாலு மணிக்குக் கடைசி ஆட்டம். அன்றைக்கென்று அவசர ஆர்டர்; எல்லோருக்கும் காலை ஷிப்ட். இசக்கியம்மாளையாவது விடச் சொல்லி சூப்பர்வைசரிடம் மூன்று தடவை நடந்தேன். "நாளைக்குக் காலைல லாரி கெளம்பணும் வே. நீரு அவ இல்லாம ஆடும்," என்றார். மற்றவர்களைப் போல அவளும் ஷிப்ட் முடித்து, அரைவயிற்றோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் கோட்டுக்கு வெளியே நடந்த நடையில் என் செருப்பு அறுந்தது. ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது அவள்தான் கடைசியாக எதிரணிப் பக்கம் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டும் விட்டாள். திரும்பும்போது காலைப் பிடித்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கை விழுந்தது. தோற்றோம்.

எழுந்து மண்ணைத் தட்டியவளிடம் மேனேஜர், "கடைசில கால் ஏம்மா ஓடல?" என்று கேட்டார். அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஆறு மணிலேருந்து மெஷினுக்கு மெஷின் நடந்த காலு சார். ஒருநாள் லீவு குடுத்துட்டுக் கேளுங்க, பதில் சொல்லுதேன்."

கபடியில் மூச்சு விடாமல் பாட வேண்டியது ஆடப் போகிறவர்கள்தான் என்கிறார்கள். ஷிப்ட் பட்டியல் போடுகிற அன்றைக்கெல்லாம் மூச்சு முட்டுவது என்னவோ எனக்குத்தான்.