நான் சோதித்த பக்கம்

எனக்குக் கண் தெரியாது. என் மடிக்கணினி பழையது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதைவிடப் பழையது. ஆனால் அந்தக் குரலுக்கு என் காது பழகிவிட்டது.

என்னோடு படித்த நண்பனுக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இணையத்தளம் செய்து கொடுக்கும் அலுவலகம் இருந்தது. டாக்டரிடம் நேரம் பதிவதற்கு ஒரு தனியார் மருத்துவமனை அவனிடம் தளம் கேட்டிருந்தது.

"உன்ர மெஷினில ஓடினா எல்லாற்ற மெஷினிலயும் ஓடும், மச்சான். வந்து சோதிச்சுத் தா" என்றான்.

மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினேன். எந்தப் பட்டனுக்குப் பெயரில்லை, எந்தப் பெட்டிக்குள் போனால் வெளியே வரமுடியவில்லை என்று சொல்லச் சொல்ல, அவன் என் அருகில் உட்கார்ந்து திருத்தினான். கடைசிச் சனிக்கிழமை, யார் உதவியுமின்றிக் காது டாக்டருக்கு நேரம் பதிந்து பார்த்தேன். என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

திறப்பு விழாவில் என்னை மேடையேற்றினார்கள். "இனி நாங்கள் ஆரையும் கேக்கத் தேவையில்லை" என்றேன். அதை வீடியோ எடுத்துத் தளத்திலேயே போட்டார்கள்.

இரண்டு நாளில், என்னைப் போலவே கண் தெரியாத, எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அழைத்தாள்.

"அண்ணா, நீங்கள் சொன்னதை நம்பிக் காலமை துவக்கம் நேரம் பதியப் பார்த்துக்கொண்டிருக்கிறன். பட்டன், பட்டன் எண்டு மட்டும்தான் சொல்லுது."

அவளுடைய கணினியில்தான் பிழை என்று நினைத்தேன். என்னுடையதைத் திறந்தேன். பட்டன், பட்டன், பட்டன். பிறகு குரலே நின்றுவிட்டது.

நண்பனை அழைத்து அவள் சொன்னதைச் சொன்னேன்.

"நீ சோதிச்சது வேற பக்கம், மச்சான். பார்க்க வடிவில்லையெண்டு விழாவுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்காரர் முழுக்க மாத்தச் சொல்லிப்போட்டாங்கள்."

"என்னை மேடையில ஏத்தேக்க உனக்கு இது தெரியுமோ?"

"ஓம். நீ புது மெஷின் ஒண்டு எடன், வேலை செய்யும்."

நான் அழைப்பைத் துண்டித்தேன்.

நான் பேசியது இந்தப் பக்கத்தைப் பற்றி அல்ல, வீடியோவை நீக்கிவிடுங்கள் என்று மருத்துவமனைக்கு எழுதினேன். நீக்கினார்கள். பக்கத்தைத் திருத்தவில்லை.

நண்பன் பலமுறை அழைத்தான். ஒருமுறை எடுத்தேன்.

"இன்னும் கோவமோ?"

"எனக்கு அழைச்ச அந்தப் பொம்பிளைப் பிள்ளையோட நீ ஒருக்கா கதைச்சனியோ?"

அவன் வேறு கதைக்குப் போனான். அதன்பின் நான் எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்வீங்கள், அண்ணா" என்றாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.