நடுங்கும் கையால் ஊட்டியவர்

எழுத்துகள் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் மலரின் மருந்து பாட்டில்களைப் படிக்க வேண்டும் என்றுதான் இந்த வயதில் எழுத்துக் கற்றேன். ஒரு பக்கம் முழுக்க நானே எழுதுவது இதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்தை மறைக்கவும் தெரியவில்லை. இதை வாசித்திருந்தால் ஏழுமலை என்னைக் கேலி செய்திருப்பார்.

போன வாரம் திருவிடந்தையிலிருந்து போன் வந்தது. ஏழுமலை இறந்துவிட்டார், இன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை என்றார்கள். செங்கல்பட்டுப் பயிற்சி மையத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கி வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. அவர் மகன் குமாருக்கு இனி யார் ஊட்டுவார்கள்?

குமாரும் மலரைப் போலத்தான். வளர்ந்த பிள்ளை, ஆனால் தானாக உட்கார முடியாது, பேச முடியாது. விழுங்குவதே பெரும்பாடு. ஒரு வாய் கஞ்சி தவறான வழியில் போனால் மூச்சு திணறிவிடும்.

நாங்கள் பழகியது மையத்தின் வாசலில், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது. படாளத்திலிருந்து மலரைத் தூக்கி வருவேன். உள்ளே மனைவியிடம் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். பெற்ற மகளை நிமிர்ந்து பார்க்கவே பயம். ஒரு நாள் ஏழுமலை என் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, நம்மள வாட்ச்மேன் வேலைக்கா வச்சிகிறாங்க? உள்ள வா" என்றார்.

உள்ளே அவர் குமாருக்கு ஊட்டியதைப் பார்த்தேன். மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவனைத் தன் மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, தலை பின்னால் தொங்காமல் தாங்கிக்கொண்டார். புயலில் படகு கவிழ்ந்து நீந்தியே கரை சேர்ந்த மனிதர் அவர். ஸ்பூன் பிடித்த கை நடுங்கியது.

"கடலுக்குப் போவசொல்ல பயம் இல்ல. இவனுக்கு ஒரு வாய் ஊட்டசொல்லதான் பயமாக்கீது" என்றார்.

பிறகு எப்படி ஊட்டுகிறாய் என்று கேட்டேன்.

"நடுங்குனா நடுங்கட்டும் அண்ணாத்த. நடுங்கற கைதான் மெதுவா ஊட்டும்."

அன்று மலரை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். அவள் விழுங்கிய அசைவு என் நெஞ்சில் தெரிந்தது. பயம் போகவில்லை. டீக்கடைக்கும் நான் அப்புறம் போகவில்லை.

ஏழுமலையின் மனைவி காவேரி விடியலில் மீன் விற்கப் போய்விடுவார். குமாருக்கு ஊட்டியதெல்லாம் அப்பாதான். நான் சாவு வீட்டுக்குப் போனபோது, முந்தின நாளிலிருந்து குமார் வாயே திறக்கவில்லை. காவேரி எதிரே உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற உறவினர்கள் கை தட்டினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனி மூக்கில் டியூப்தான் என்று ஒருவர் சொன்னார்.

அத்தனை பேரும் அவனுக்கு முன்னால் இருந்தார்கள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். சாய்த்துக்கொண்டேன். என் வாசனை வேறு. வெகுநேரம் அவன் உடம்பு இறுகியே இருந்தது. அவன் எனக்கும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று என் கை நடுங்கியது. பிறகு அவன் தலை என் தோளில் இளகியது. வாய் சிறிது திறந்தது. ஒரு ஸ்பூன் கஞ்சி இறங்கியது.

எழுந்து, என் இடத்தில் காவேரியை உட்கார வைத்தேன்.

"எனக்குக் கை நடுங்குது அண்ணே" என்றார்.

"நடுங்கட்டும்மா. ஏழுமலை கையும் நடுங்கினுதான் இருந்துச்சி."

ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடுக்கத்தைத்தான். அதோடுதான் மலருக்கு ஊட்டுகிறேன். இந்த எழுத்திலும் அது தெரியும். எனக்கும் என் மனைவிக்கும் பின் மலருக்கு யார் என்ற பயம் இப்போது கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மலரையும் தூக்கிக்கொண்டு திருவிடந்தைக்குப் போகிறேன். காவேரியின் மார்பில் அவளையும் சாய்த்துப் பார்க்க வேண்டும். அவள் வாய் திறந்தாளா என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுவேன், மெதுவாக.