கம்ப்யூட்டர் பலகைக்கு வைத்த பொட்டு

சாமி காரியம் என்பதால் இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன்.

ஓசூர் எல்லைச் சோதனைச் சாவடியில் பெங்களூர் பஸ் நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து, ஒரு பச்சை மின்சுற்றுப் பலகையைக் காட்டுகிறார்.

“கம்ப்யூட்டருக்குள்ள போறதுங்க. நம்ம ஷெட்டுல செஞ்ச மொத பலகை. பெங்களூர் கம்பெனி இன்னிக்கு பாஸ் பண்ணிட்டா நம்ம பசங்களுக்கு இங்கயே வேலைங்க.”

புதிதாக எது செய்தாலும் பொட்டு வைப்பதுதானே முறை? பையில் இருந்த மலைக்கோயில் பிரசாதக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் பலகைக்கு வைக்கிறேன். அவர் கும்பிட்டுக்கொள்கிறார்.

“சந்தோசங்க. ஆனா, அங்க ஒரு தூசி இருந்தாலே திருப்பிருவாங்க.”

துடைத்தால் சாமி குத்தம். ஊதலாம் என்று இருவரும் முடிவு செய்கிறோம். பெங்களூர் வரைக்கும் மாறி மாறி ஊதுகிறோம். அவர் இறங்கும்போதும் பலகை சிவப்பாகத்தான் இருக்கிறது.

அது தேறியதா என்று எனக்குத் தெரியாது. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், தேறியது என்று அற்புதம் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள்.