ஜெயசித்ராவின் தொப்பிக்காரன்

மத்தியானத்தில் பால் சொசைட்டியின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். காலைப் பால் லாரியில் போன பிறகு சாயங்காலப் பால் வரும்வரை அங்கே யாருக்கும் வேலை இல்லை. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கொஞ்சுவதையும் கோபித்துக்கொள்வதையும் முதலில் கேட்டவர் எதிர்த்த டீக்கடைக்காரர்தான். தான் யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். ஆனாலும் அந்த வாரம் முடிவதற்குள் சுந்தரபாண்டியபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது: ஏட்டு முத்துச்செல்வத்தின் மனைவி ஜெயசித்ரா மத்தியானத்தில் யாரோ ஒரு ஆளிடம் போனில் பேசுகிறாள்.

ஜெயசித்ராவுக்கு நாற்பதைத் தொட்ட வயது. சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கிற வேலை. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிடுவாள். தண்ணீர் கலந்திருந்தால் கொண்டுவந்தவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்; வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். முத்துச்செல்வம் தென்காசியில் ஏட்டு. சந்தேகப்படுவது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, சுபாவமும்கூட. கறிவேப்பிலை வாடியிருந்தால் எந்தக் கடை, யார் கொடுத்தது, அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்கிறவர்.

பேச்சு காதுக்கு வந்ததும் அவர் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் மப்டியில் வந்து, வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஷட்டர் அருகே நின்றார்.

“குதிரையை விட்டு மொதல்ல கீழ இறங்கும்” என்றது உள்ளே ஜெயசித்ராவின் குரல். “மேல இருந்து பேசுனா நான் பதில் சொல்லமாட்டேன்.”

கொஞ்சம் இடைவெளி. பிறகு அதே குரல் தடித்து, ஆம்பிளைக் குரலாகி, “இறங்கிட்டா திரும்ப ஏறத் தெரியாது டாக்டரம்மா” என்றது.

முத்துச்செல்வம் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே வெற்றுக் கேன்களும் ஜெயசித்ராவும் மட்டும். அவள் போனை வாய்க்கு நேரே பிடித்திருந்தாள்.

“யாருட்டி அது?”

“கதை எழுதுதேன். நான் சொல்லச் சொல்ல இது எழுதிக்கிடும். டைப் அடிக்க எனக்குக் கை வராது.”

அவர் போனை வாங்கிப் பார்த்தார். அன்றைக்கு அவளுக்கு வந்ததோ அவளிடமிருந்து போனதோ ஒரு அழைப்புகூட இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால் யாரோ துடைத்திருக்க வேண்டும்.

அவள் சொன்னது உண்மைதான். சூரியகாந்தி பூக்கிற காலத்தில் அந்த ஊருக்குப் படமெடுக்க ஆட்கள் வருவது வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விளம்பரப் படத்துக்காகக் கௌபாய் வேஷத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். தொப்பி, பூட்ஸ், எல்லாம் இருந்தது. பையனுக்குக் குதிரையில் ஏறத்தான் வரவில்லை. பால் கேன் மேல் ஏறி முயற்சி செய்து, குதிரை நகர்ந்துகொள்ள, பூக்களுக்குள் விழுந்தான். கேனை இரவல் கொடுத்திருந்த ஜெயசித்ரா சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகும் அவன் மனதை விட்டுப் போகவில்லை. அவன் நிஜமாகவே மாடு வளர்க்கிறவனாக இருந்தால்? அவனுடைய மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஒருத்தி வந்தால்? தொப்பிக்காரனுக்குக் கொம்பையா என்று பேர் வைத்தாள். வந்த கால்நடை டாக்டருக்குப் பேராச்சி. அப்புறம் அவர்கள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கதை முடிந்ததும் தென்காசியில் பதிப்பகம் வைத்திருக்கும் மூசா பாயிடம் கொண்டுபோனாள். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார், மாத நாவலும் போடுவார். அவர் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“கோவிச்சுக்காதிய தங்கச்சி. இப்பல்லாம் மெஷின்கிட்ட சொன்னா அதுவே கதை எழுதித் தந்துருது. போன மாசம் ஒரு வாத்தியார் கொண்டாந்தாரு. கதை நடக்கது கடையநல்லூர்ல. உள்ள பாத்தா சன்னலுக்கு வெளிய இங்கிலீஷ் படத்துல வார மாதிரி பனி கொட்டுது.”

“இது என் வாயால சொன்னது பாய்.”

“அப்படின்னா இதுல இல்லாத ஒண்ணச் சொல்லுங்க. கொம்பையா தொப்பிய மாடு தின்னுட்டுல்லா, மறுநாள் என்ன நடந்துச்சு?”

பாலில் தண்ணீர் கலந்தவர்களை ஜெயசித்ரா பார்க்கிற அதே பார்வையோடு இன்னொருவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கேனின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மறுநாள் விடியும் முன்ன கொம்பையா டாக்டரம்மா வீட்டு வாசல்ல நிக்கான். மாட்டுக்கு என்ன செய்யுதுன்னு அவ கேக்கா. மாடு நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தொப்பி வேணும்ங்கான். ரெண்டு நாள் பொறுங்க, பின்பக்கமா வந்துரும், கழுவிப் போட்டுக்கோங்கன்னு சொல்லுதா. சரின்னு போறான். போனவன், அந்த ரெண்டு நாளும் மாட்டைக் கூட்டிக்கிட்டு அவ வீட்டு வாசல்லயே காவல் கெடக்கான்.”

மூசா பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அதையும் எழுதிச் சேத்துத் தாங்க” என்றார்.

சாரல் பிடித்திருந்த ஆனி மாதத்தில் குற்றாலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் புத்தகத்தை வெளியிட்டார்கள். அருவிக்கு வந்த கூட்டம் மழைக்கு ஒதுங்கும் என்பது மூசா பாயின் கணக்கு. ஒதுங்கினார்கள். ஈரத் தலையோடு டீயும் குடித்தார்கள். முத்துச்செல்வம் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றார். மேடையை அவர் பார்க்கவேயில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதம்பி அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் மாடு வைத்திருப்பவர். படமெடுக்க வருகிறவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுபவர். அந்த விளம்பரப் படத்துக்குக் குதிரை கொடுத்ததும் அவர்தான். தலையில், படக்காரர்கள் விட்டுவிட்டுப் போன கௌபாய் தொப்பி. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. கை கொள்ளாமல் புத்தகங்களை வாங்கிக்கொண்டு, “தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கணும்லா” என்று சொல்லிச் சிரித்தார்.

முத்துச்செல்வம் அங்கேயே புத்தகத்தைத் திறந்து தேடினார். கொம்பையாவுக்கும் புருவத்துக்கு மேல் தழும்பு இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மாடு காணாமல் போன புகார் ஒன்றை விசாரிக்கிற சாக்கில் அவர் நல்லதம்பியின் தொழுவத்துக்குப் போனார்.

“புத்தகம் படிச்சீரா?”

“படிச்சேன் ஏட்டையா.” நல்லதம்பி தொப்பியைக் கழற்றித் தட்டி மறுபடி வைத்துக்கொண்டார். “ஒரு வகையில பாத்தா அது நான்தான். ஊரே சொல்லுது. நாம என்னத்தச் சொல்ல?”

“அவளுக்கும் உமக்கும் பேச்சுவார்த்தை உண்டோ?”

“தெனமும் பால் கொண்டுபோறோம்லா” என்று சிரித்தார் நல்லதம்பி.

அன்றைக்கு வீட்டில் முத்துச்செல்வம் சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. என்னவென்று ஜெயசித்ரா கேட்டபோது ஒரே ஒரு கேள்விதான் வந்தது: “நல்லதம்பி தழும்பு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கதாநாயகனுக்கு ஒரு தழும்பு வேண்டாமா? சும்மா வச்சேன்.”

“சும்மா யாரும் எதையும் வைக்கமாட்டாங்க.”

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோபம் ஆறியபோது அதைவிடக் கெட்ட ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் சொல்வது சரியாக இருந்தால்? தனக்கே தெரியாமல் தான் அந்த ஆளைத்தான் எழுதிவிட்டோமோ? மறுநாள் நல்லதம்பி பால் கொண்டுவந்தபோது, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கொம்பையா எங்காவது தட்டுப்படுகிறானா என்று தேடினாள். நல்லதம்பி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மீசையைத் தடவினார். அவள் லாக்டோமீட்டரைப் போட்டாள். அது விறுவிறுவென்று இறங்கியது. தண்ணீர். கொம்பையா அப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்ததும் மூச்சு சீராக வந்தது. ஆனால் அதைப் புருஷனிடம் எப்படி நிரூபிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, முத்துச்செல்வம் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். நல்லதம்பியின் மனைவி இசக்கிசெல்வி. கையில் அந்தப் புத்தகம். முத்துச்செல்வம் குழாயை மூடினார்.

“யக்கா, வெளிய வாங்க” என்றாள். ஜெயசித்ரா வந்தாள். “ஒங்ககிட்ட சண்டை போடணும்னுதான் இதைப் படிச்சேன். எந்த எடத்துலயாவது பிடி கிடைக்கும், அப்படியே ஒங்க கொண்டையப் பிடிச்சிருவோம்னு வரி விடாமப் படிச்சேன்.”

“கிடைச்சுதா?” என்று கேட்டது முத்துச்செல்வம்.

“எங்க அண்ணாச்சி கிடைச்சுது? இந்தக் கொம்பையா ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுதான். எங்க ஆளுக்கு மாடு எத்தனைன்னே தெரியாது, கேட்டா என்னையக் கூப்பிடுவாரு. இவன் தப்புப் பண்ணுனா மன்னிப்பு கேக்கான். எங்க ஆளு தும்முனாக்கூட நான்தான் காரணம். இவனுக்கு ஏறத்தான் வராது, ஏத்திவிட்டா குதிரையில பறக்கான். எங்க ஆளு அது மேல ஏறி நான் பாத்ததே கெடையாது. கயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே நடப்பாரு.”

“தழும்பு?” என்றார் முத்துச்செல்வம். விசாரணைக் குரல்.

“குதிரை ஒதைச்சுதுன்னு சொல்லிட்டுத் திரியுதாரா? அது நான் எறிஞ்ச சொம்பு.”

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசக்கிசெல்விக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு ஏட்டின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சும்மா அலையாதிய அண்ணாச்சி. இவன் எங்க வீட்டுலயும் இல்ல, ஒங்க வீட்டுலயும் இல்ல, இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்ல. இப்படி ஒருத்தன் இருந்திருந்தா பொம்பளைக நாங்க எப்பவோ கண்டுபிடிச்சிருப்போம்.”

‘ஒங்க வீட்டுலயும் இல்ல’ என்ற சொல் முத்துச்செல்வத்தைத் தைத்தது. அவள் போன பிறகும் அவர் குழாயைத் திறக்காமல் நின்றார்.

“அப்ப யாருதான் அவன்?”

“யாருமில்ல.”

“இல்லாத ஒருத்தனப் பத்தி எப்படி இவ்வளவு எழுத முடியும்?”

“நீங்க ஸ்டேஷன்ல எழுதுததெல்லாம் பாத்துட்டா எழுதுதீங்க?”

அன்றைக்குச் சாயங்காலம் முத்துச்செல்வம் கட்டிலில் சாய்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் கொம்பையா வருகிற இடங்களை மட்டும்தான் புரட்டியிருந்தார். பேராச்சி பேசுகிற பக்கங்களை அப்போதுதான் பார்த்தார். அடுப்படியிலிருந்த ஜெயசித்ராவுக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “இவ வாய் யாரு வாய்னு எனக்குத் தெரியும்” என்றார்.

அவருக்குச் சந்தேகம் முழுசாகத் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. இருக்கிற ஆளாக இருந்தால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கலாம். இல்லாதவனை என்ன செய்வது? ஆனால் ஜெயசித்ரா இப்போது மத்தியானத்தில் ஷட்டரை முழுசாகத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். டீக்கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டம் கூடுகிறது. இரண்டாவது கதையை மூசா பாயே கேட்டிருக்கிறார். எழுத எழுத, அவருக்கு முன்னால் இசக்கிசெல்வி படித்துவிடுகிறாள்.

இந்தத் தை மாதம் முத்துச்செல்வத்துக்கு ஆலங்குளம் மாற்றலானது. அங்கிருந்து ஸ்வாதி என்று ஒரு இளம் போலீஸ்காரப் பெண் புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஜெயசித்ராவைத் தேடி வந்தாள்.

“எனக்கு ரொம்பப் பிடிச்சுது மேடம்” என்றாள். “கொம்பையா யாருன்னு சார் சொல்லிட்டாங்க. ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும்.”

“யாருன்னு சொன்னாரு?”

“என்ன மேடம், தெரியாத மாதிரி கேக்கீங்க? சார்தான்லா!”

ஜெயசித்ரா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் முத்துச்செல்வம் வந்ததும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆலங்குளத்துல என்ன சொல்லிவச்சிருக்கீங்க?”

“யாரு, ஸ்வாதியா? அந்தப் புள்ளைதான் நீங்களா சார்னு கேட்டுச்சு. நான் ஆமான்னு எங்க சொன்னேன்?”

“இல்லைன்னு சொன்னீங்களா?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். “காப்பி இருக்கா?” என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.